புது 150-600 லென்ஸ்: பின்னால் இருக்கும் இலை பளிச்சென்று விழுகிறது, பறவை மட்டும் மங்கல்

மணக்குடிக்காயல் | சனி, காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் போன சனிக்கிழமை தூரத்துப் பறவையைக் கிட்ட இழுத்துக் காட்டும் ஒரு 150-600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினேன். கேமரா பாடி நிக்கான் டி7500, லென்ஸ் வேறு கம்பெனி. குற்றம் யார் பக்கம் என்று தெரியும் முன்னால் லென்ஸ் கம்பெனியைப் பொதுவில் இழுக்க மனசு வரவில்லை, அதனால் பெயர் வேண்டாம்.

வாங்கிய மறுநாளே புத்தளம் உப்பளத்துக்குப் போனேன். கிளம்பவே நேரமாகிவிட்டது, போய்ச் சேரும்போது மணி 10. பாத்திகளுக்குள் நெடுங்கால் உள்ளான் இருபது முப்பது நின்றன. நானூறு படத்துக்கு மேல் எடுத்தேன். வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினால் ஒன்றில்கூடக் கண் தெளிவாக இல்லை. காலின் சிவப்பு தெரிகிறது, கறுப்புச் சிறகு தெரிகிறது, ஓரமெல்லாம் தண்ணீரில் ஊறிய காகிதம் மாதிரி கலைந்து கிடக்கிறது.

நேற்று லீவு போட்டுவிட்டு விடியற்காலையிலேயே தேரூர் குளத்துக்குப் போனேன். அங்கே கதை வேறு. நீளவால் இலைக்கோழி ஒன்று பதினைந்து மீட்டருக்குள் வந்து நின்றது. பறவை மங்கல். அதற்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் கிடந்த தாமரை இலையின் நரம்பை எண்ணிவிடலாம். ஒரு படம் இரண்டு படம் இல்லை, வரிசையாக அப்படித்தான்.

600 மில்லிமீட்டர், எஃப் 6.3 (லென்ஸ் முழுத் திறப்பு), ஷட்டர் 1/800, ஐஎஸ்ஓ ஆட்டோ. ஏஎஃப்-சி (ஆட்டோ ஃபோகஸ் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும் முறை), டைனமிக் 51 புள்ளி (வைத்த புள்ளி தவறினால் சுற்றியுள்ள புள்ளிகள் பிடிக்கும்). லென்ஸில் ஆட்டம் குறைக்கும் ஸ்விட்ச் ஆனில். கடையில் இலவசமாகக் கொடுத்த யூவி ஃபில்டர் முன்னால் மாட்டியிருக்கிறேன். பழைய 18-140 இதே பாடியில் சுத்தமாக விழுகிறது.

கடையில் கேட்டால் உங்கள் கை ஆடுகிறது என்கிறார்கள். மாற்றித் தரும் கெடு பத்து நாள், வரும் செவ்வாயோடு முடிகிறது. லென்ஸ் கோளாறா, என் கைக் கோளாறா என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும். நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.


குளச்சல் கல்யாணப்படம் | சனி, காலை 10.05

தம்பி, வெப்ராளப்படாதீங்க. முதலில் அந்த ஃபில்டரைக் கழற்றி மேசைமேல் வையுங்க. 95 மில்லிமீட்டர் வாய் உள்ள லென்ஸுக்கு நல்ல ஃபில்டர் என்ன விலை என்று பாருங்க, இலவசமாக வருகிற கண்ணாடி எப்படி இருக்கும் என்று புரியும். 18-140இல் அந்தக் குறை கண்ணில் படாது. 600இல் கண்ணாடியின் கோணல் அத்தனையும் பெரிதாகித் தெரியும். முன்னால் மாட்டும் ஹூட் வளையம் போட்டாலே முன் கண்ணாடிக்குப் போதுமான பாதுகாப்பு.

உங்கள் வருத்தம் எனக்குத் தெரியும். ஒரு 85 எஃப் 1.8 வைத்து ஒரு கல்யாணம் எடுத்தேன். கோயிலில் மோதிரம் மாற்றுகிற நேரம், பெண்ணின் கண்மேல் புள்ளியை வைத்துத்தான் அமுக்கினேன். ஆல்பம் போட உட்கார்ந்தபோது பார்த்தால் கண் மெத்தென்று இருக்கிறது, காதுக் கம்மலின் கல் ஒவ்வொன்றும் மின்னுகிறது. இரண்டு மீட்டரில் அந்த லென்ஸை முழுசாகத் திறந்து வைத்தால் முன்னும் பின்னுமாகத் தெளிவு நிற்கும் ஆழமே நான்கு சென்டிமீட்டர்தான், அது கண்ணை விட்டுக் காதில் போய் நின்றுவிட்டது. வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தை இன்றைக்கும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் கைமேல் போட்டுவிடாதீங்க, கருவியையும் சோதிக்கணும்.


முட்டம்பாறை | சனி, காலை 10.30

சோதனை எதற்கு? கெடு இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேறு கம்பெனி லென்ஸ்கள் கேமரா பேசும் பாஷையைத் தாமாகவே கற்றுக்கொண்டு பேசுபவை. சில சமயம் ஒத்துப்போகும், சில சமயம் போகாது. உங்கள் காசுக்கு இந்தத் தலைவலி தேவையில்லை. நிக்கானின் சொந்த 200-500 பழையது கிடைத்தால் வாங்குங்கள், நான் அதைத்தான் செய்தேன்.


தேரூர்க்குளம் | சனி, பகல் 11.50

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். உப்பளத்தில் வந்த நோயும் குளத்தில் வந்த நோயும் ஒன்றில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பார்த்தால் விடை கிடைக்காது, பிரித்துவிடுங்கள்.

உப்பளத்தை முதலில் சொல்கிறேன். காலை 10 மணிக்கு வெள்ளை உப்பு, கருஞ்சேறு, ஆழமில்லாத தண்ணீர் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வேறு வேறு அளவில் சூடாகும். மேலே கிளம்பும் காற்றும் அப்படியே ஒரு இடத்தில் சூடு, ஒரு இடத்தில் குளிர்ச்சி. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே மாதிரி வளைப்பதில்லை. ஐம்பது அறுபது மீட்டர் அந்தக் காற்றுக்குள் வழியாகப் பார்த்தால் எந்த லென்ஸானாலும் கானல்தான் விழும். கோடி ரூபாய் லென்ஸ் போட்டாலும் இதே படம்தான். ஆட்டோ ஃபோகஸும் அந்த நெளிவைப் பார்த்துக் குழம்பும். படத்தில் ஓரம் கலைந்து, எந்த இடத்திலுமே தெளிவில்லை என்றால் அது கானல். உங்கள் உள்ளான் படங்கள் அப்படித்தான் இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தரையோடு குனிந்து எடுத்தால் படம் அழகு, ஆனால் வெயில் ஏறிய பிறகு தரையோட்டத்தில்தான் கானலும் அதிகம். அங்கே போவதானால் சூரியன் எழுந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு வரவேண்டும்.

குளத்துப் படம் அப்படியில்லை. அங்கே தெளிவு இருக்கிறது, இடம் மாறிப் போயிருக்கிறது. 600இல் எஃப் 6.3 வைத்து 15 மீட்டரில் நிற்கும் பறவையை எடுத்தால், உங்கள் கேமராவில் படம் பதியும் சென்சார் அளவுக்குத் தெளிவு நிற்கும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். ஒரு சாண் பின்னால் விழுகிறது என்றால் பறவை அந்த ஆழத்துக்கு வெளியே போய்விட்டது. காரணம் லென்ஸாகவும் இருக்கலாம், 51 புள்ளியில் ஒன்று பறவையை விட்டு இலையைப் பிடித்திருக்கவும் செய்யலாம்.

ஒரு விஷயம் மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தவறு எப்போதும் ஒரே பக்கம் விழுந்தால் கருவியின் அளவுப் பிழை. ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால், ஒரு தடவை சரி என்று மாறி மாறி விழுந்தால் கானல், கை ஆட்டம், புள்ளித் தேர்வு இவற்றில் ஒன்று. இதைக் கண்டுபிடிக்கப் பறவை உதவாது, அசையாத பொருள் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படம் வரவில்லை என்று குளத்துக்குள் இறங்கிப் பறவையை நெருங்க வேண்டாம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. இலைக்கோழி மிதக்கும் இலைமேலேயே கூடு வைக்கும் பறவை, நம் கால் பட்ட அலையே அதற்குப் போதும்.


மணக்குடிக்காயல் | சனி, மாலை 6.15

அண்ணாச்சி, பிரித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. உப்பளத்து நானூறு படத்தில் எங்கேயும் கூர்மை இல்லை. தேரூர் படங்களில் எழுபது ஒதுக்கினேன், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு இலை தெளிவு, அந்த இலை எப்போதும் பறவைக்குப் பின்னால். முன்னால் ஒன்றுகூட இல்லை.

ஃபில்டரைக் கழற்றிவிட்டு மாலையில் எதிர்வீட்டுத் தென்னையை எடுத்தேன். ஓலையின் விளிம்பில் இரட்டைக் கோடு மாதிரி வந்தது போய்விட்டது. ஆனால் குலையில் புள்ளி வைத்தால் குலைக்குப் பின்னால் இருக்கும் மட்டைதான் தெளிகிறது. அசையாத பொருளை எப்படிச் சோதிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.


மார்த்தாண்டம் பழுதுபார்ப்பு | சனி, இரவு 9.20

இருபது வருஷமாகக் கேமராவைப் பிரித்து மாட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்தால் பயம் போய்விடும்.

உங்களுடையது மாதிரி உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் படம் விழுவது ஒரு இடம், ஃபோகஸ் அளப்பது வேறு இடம். வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது லென்ஸில் வரும் ஒளியில் கொஞ்சம் பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி வழியாக ஊடுருவி, அதற்குப் பின்னால் மடங்கி இருக்கும் குட்டிக் கண்ணாடியில் பட்டு, அடியில் இருக்கும் ஏஎஃப் சென்சாருக்கு இறங்குகிறது. அங்கே அளந்து லென்ஸுக்கு உத்தரவு போகும். பிறகு கண்ணாடி மேலே எழும்பி, ஒளி நேராகப் படச் சென்சாருக்குப் போகும். இரண்டு பாதையும் நூல் பிடித்த மாதிரி ஒரே நீளம் இருக்கவேண்டும். பாடியில் ஒரு மயிரிழை, லென்ஸில் ஒரு மயிரிழை தள்ளினாலும் அது கம்பெனி அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கும். இரண்டும் எதிரெதிராகத் தள்ளினால் கழிந்துவிடும், ஒரே பக்கம் தள்ளினால் கூடிவிடும். உங்கள் பாடி 18-140உடன் சரியாக இருப்பதற்கும் இதனுடன் தள்ளுவதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். தவிர, 18-140இல் தெளிவின் ஆழம் அதிகம், சின்னப் பிழை மறைந்துவிடும்.

பின் திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் இந்தத் தொல்லை கிடையாது. டி7500 அப்போது படச் சென்சாரிலேயே கூர்மையைப் பார்த்து ஃபோகஸ் பிடிக்கும். அளப்பதும் பதிவதும் ஒரே இடம். அதனால் ஒரே பொருளை இரண்டு வழியிலும் எடுத்து ஒப்பிட்டால் உண்மை வெளியே வந்துவிடும்.

ஐந்து தீப்பெட்டி வாங்குங்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, பலகைமேல் சாய்வான வரிசையில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஐந்து சென்டிமீட்டர் பின்னால் இருக்கட்டும். பக்கவாட்டில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், ஏனென்றால் வியூஃபைண்டரில் தெரியும் சின்னச் சதுரத்தைவிட ஏஎஃப் புள்ளி உண்மையில் கொஞ்சம் பெரியது, பக்கத்துப் பெட்டி அதற்குள் வந்துவிடக்கூடாது. கேமராவை 10 மீட்டர் தள்ளி ட்ரைபாடில் வையுங்கள். 600இல் அங்கே படத்தின் முழு அகலமே 40 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஐந்து பெட்டியும் சரியாக அடங்கும். அந்தத் தூரத்தில் தெளிவின் ஆழம் 7 சென்டிமீட்டர், ஆக எது தெளிவு என்று சந்தேகமே வராது.

ட்ரைபாடில் இருக்கும்போது ஆட்டம் குறைக்கும் ஸ்விட்ச்சை அணைத்துவிடுங்கள். ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் ஸ்விட்ச்சை ஃபுல்லில் வையுங்கள், பல லென்ஸில் அது 10 மீட்டரில்தான் பிரிகிறது. ஏஎஃப்-எஸ் (ஒரு தடவை பிடித்து நின்றுவிடும் முறை), ஒற்றைப் புள்ளி, நடுப் புள்ளி. எஃப் 6.3லேயே எடுங்கள், மூடினால் பிழை மறையும். டைமர் போட்டு எடுங்கள். ட்யூப்லைட், எல்ஈடி வெளிச்சத்தில் ஏஎஃப் சென்சார் வேறு மாதிரி அளக்கலாம், அதனால் பகல் வெளிச்சம், நிழலான இடம், வெயில் ஏறுமுன். மூன்றாம் பெட்டியில் புள்ளியை வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பிக் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்கவிடுங்கள். வியூஃபைண்டரில் பத்து, லைவ் வியூவில் பத்து.

அவசரப்படாமல் பைய செய்யுங்கள். பத்துப் படம் இல்லாமல் முடிவுக்கு வராதீர்கள்.


மணக்குடிக்காயல் | ஞாயிறு, காலை 10.10

அண்ணே, செய்துவிட்டேன். காலை ஆறரைக்கு வீட்டுப் பின்பக்கம், மதில் நிழலில். ஸ்டூலின் மேல் பலகை, பலகையில் ஐந்து தீப்பெட்டி. காற்றில் ஒன்றாம் பெட்டி விழுந்துகொண்டே இருந்தது, உள்ளே ஈர மணல் போட்டு நிறுத்தினேன். டேப் வைத்து அளந்துதான் 10 மீட்டர்.

லைவ் வியூ பத்துப் படம்: பத்திலும் மூன்றாம் பெட்டி. பக்கத்தில் இருக்கும் உரசும் பட்டையில் உள்ள புள்ளி புள்ளியான மருந்துகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. இந்த லென்ஸால் இவ்வளவு முடியும் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

வியூஃபைண்டர் பத்துப் படம்: எட்டில் நான்காம் பெட்டி தெளிவு, மூன்றாம் பெட்டியில் எண் தெரிகிறது, பட்டையின் புள்ளிகள் சேர்ந்து ஒரே பழுப்பாகிவிட்டன. ஒன்றில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். ஒன்று மட்டும் ஐந்தை நோக்கிப் போய்விட்டது. இரண்டாம் பெட்டி ஒரு படத்தில்கூடத் தெளியவில்லை.

எல்லாம் ஒரே பக்கம். அப்படியென்றால் ஃபோகஸ் பின்னால் விழும் பேக் ஃபோகஸ்தானே?


முட்டம்பாறை | ஞாயிறு, காலை 10.25

ஆமாம், நான் சொன்னதுதான். ஆதாரமே கையில் இருக்கிறது, நாளைக்கே கடைக்குப் போங்கள்.


மார்த்தாண்டம் பழுதுபார்ப்பு | ஞாயிறு, பகல் 12.40

பேக் ஃபோகஸ்தான், நாலைந்து சென்டிமீட்டர். கொள்ளாம், நல்ல சோதனை. ஐந்தை நோக்கிப் போன ஒரு படத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம், பத்தில் ஒன்று தள்ளுவது இந்த முறையில் சகஜம்.

முட்டம்பாறை அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் மாற்றிக் கொண்டுவரும் லென்ஸும் அதே அனுமதி அளவுக்குள் எங்கேயோ ஒரு இடத்தில் நிற்கும். அது இதைவிட மோசமாகவும் இருக்கலாம். கையில் இருப்பது லைவ் வியூவில் இவ்வளவு கூர்மையாக விழுகிறது என்றால் கண்ணாடி நல்ல கண்ணாடி. அதை இழக்க எனக்கு மனசில்லை.

திருப்பிக் கொடுக்க வேண்டிய கோளாறு வேறு, அதையும் இன்றே பார்த்துவிடுங்கள். சமமான செங்கல் சுவருக்கு நேர் எதிரே நின்று லைவ் வியூவில் ஒரு படம். நாலு மூலையும் ஏறக்குறைய ஒரே தெளிவில் இருந்தால் சரி. இடது பக்கம் கல்லின் சொரசொரப்பு தெரிந்து வலது பக்கம் வழுவழுவென்று இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. அதை எந்த மெனுவாலும் திருத்த முடியாது, யோசிக்காமல் திருப்பிவிடலாம்.

சுவர் தேறினால் பாடியில் செட்டப் மெனு, ஏஎஃப் ஃபைன் ட்யூன், ஆன். மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை இருக்கும். பிளஸ் போனால் ஃபோகஸ் கேமராவை விட்டுத் தள்ளிப் போகும், மைனஸ் போனால் கேமராவை நோக்கி வரும். உங்களுக்கு மைனஸ். டி7500இல் தானாகக் கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது: ட்ரைபாடில் லைவ் வியூவில் நடுப் புள்ளியால் ஃபோகஸ் பிடித்துவிட்டு, ஏஎஃப் மோட் பட்டனையும் வீடியோ பதிவு பட்டனையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி அமுக்கினால் எண்ணைப் பதியவா என்று கேட்கும். ஒரு தடவை வந்த எண்ணை நம்ப வேண்டாம், ஐந்தாறு தடவை எடுத்து நடுவில் நிற்கும் எண்ணை வைத்துக்கொண்டு, பிறகு தீப்பெட்டியில் சரிபாருங்கள்.


ஆசாரிப்பள்ளம் டீச்சர் | ஞாயிறு, மாலை 4.30

ஃபைன் ட்யூன் செய்தாலும் பாதிப் பிரச்சினை மிச்சம் இருக்கும் தம்பி. நான் இதே பாடியை நாலு வருஷமாக வேம்பனூரில் வைத்திருக்கிறேன்.

51 புள்ளி டைனமிக் பறக்கும் பறவைக்கு. இலைக்கோழி நிற்கும் இடத்தில் சுற்றிலும் இலை, தண்டு, தண்ணீரில் பளபளப்பு. பறவை தலையைக் குனிந்தால் போதும், பக்கத்துப் புள்ளி இலையைப் பிடித்துக்கொள்ளும். நிற்கும் பறவைக்கு ஒற்றைப் புள்ளி, நடந்தால் டைனமிக் 9. வெறும் வானத்தில் ஆலா பறக்கிறது என்றால் சில புள்ளிகள் சேர்ந்து பிடிக்கும் க்ரூப் ஏரியா. க்ரூப் எப்போதும் கிட்ட இருப்பதைப் பிடிக்கப் பார்க்கும், முன்னால் கோரை இருந்தால் கோரையைத்தான் எடுத்துக்கொடுக்கும், அதனால் குளத்து ஓரத்தில் வேண்டாம்.

அப்புறம் கஸ்டம் செட்டிங்கில் ஏ1 பாருங்கள். ஏஎஃப்-சியில் கம்பெனி வைத்து அனுப்புவது ரிலீஸ். அதாவது ஃபோகஸ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அமுக்கினால் ஷட்டர் அடித்துவிடும். வரிசையாகப் படம் எடுக்கும்போது முதல் இரண்டு மூன்று மங்கலாக விழுவதற்கு இதுவும் காரணம். ஃபோகஸ் என்று மாற்றிக் கொஞ்ச நாள் பழகுங்கள், வேகம் குறையும், ஆனால் எதனால் மங்கல் என்ற குழப்பமும் குறையும்.

1/800 கையில் பிடிக்கப் போதாது. 600 என்பது இந்த பாடியில் 900 பார்க்கும் அளவுக்குச் சமம். 1/1250க்குக் கீழே இறங்காதீர்கள், ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். மணல் மணலாக வந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.


மணக்குடிக்காயல் | திங்கள், இரவு 8.50

சுவர் தேறிவிட்டது. வீட்டு மதிலின் பூசாத பக்கத்தில் எடுத்தேன், நாலு மூலையிலும் கல்லின் ஓட்டைகள் ஒரே மாதிரி தெரிகின்றன.

தானாகக் கண்டுபிடிக்கும் வழியில் ஆறு தடவை எடுத்தேன்: மைனஸ் 8, 11, 6, 9, 9, 10. ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் 6 என்றோ 11 என்றோ வைத்திருப்பேன், அண்ணன் சொன்னது நல்லதாகப் போயிற்று. மைனஸ் 9 வைத்துத் தீப்பெட்டியில் பத்துப் படம். எட்டில் மூன்றாம் பெட்டி, ஒன்று இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், ஒன்று மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். இப்போது தவறுவதும் இரண்டு பக்கமும் சமமாகத் தவறுகிறது. மைனஸ் 15 வைத்தும் பார்த்தேன், இரண்டாம் பெட்டிக்குத் தாவிவிட்டது.

நாளைக்குக் கெடு முடிகிறது. லென்ஸை வைத்துக்கொள்கிறேன்.


தேரூர்க்குளம் | திங்கள், இரவு 9.30

நல்ல முடிவு. ஆனால் 10 மீட்டரில் சரியான எண் 30 மீட்டரிலும் சரியாக இருக்கும் என்று இல்லை. பாடியில் ஒரு லென்ஸுக்கு ஒரே ஒரு எண்தான் வைக்கமுடியும். தெருவில் 25, 30 மீட்டர் அளந்து வைத்து அங்கேயும் ஒரு தடவை பாருங்கள். 30 மீட்டரில் தெளிவின் ஆழம் 60 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும், சின்ன வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் நீங்கள் அதிகம் எடுக்கும் தூரத்துக்கு எண்ணை வையுங்கள். 150 பக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த லென்ஸை வாங்கியதே 600க்காகத்தானே.

எல்லாத் தூரத்திலும் சரியாக வேண்டுமென்றால் சில கம்பெனிகள் தங்கள் லென்ஸைக் கம்ப்யூட்டரில் இணைக்க யூஎஸ்பி டாக் விற்கின்றன. அதில் லென்ஸுக்குள்ளேயே பல ஜூம் அளவு, பல தூரம் என்று தனித்தனியாக எண் எழுதலாம். பொறுமை வேண்டிய வேலை, தேவைப்பட்டால் மட்டும் இறங்குங்கள்.


மணக்குடிக்காயல் | சனி, பகல் 11.15

இன்றைக்கு இரண்டு இடமும் போய்வந்தேன்.

சூரியன் கிளம்பும்போது புத்தளத்தில் இருந்தேன். அதே உள்ளான்கள், அதே பாத்தி. மைனஸ் 9, ஒற்றைப் புள்ளி, 1/1600, ஃபில்டர் இல்லை. கண்ணின் சிவப்பு வளையமும் அதற்குள் கறுப்புப் பாவையும் பிரிந்து தெரிகின்றன. அலகு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கிறது, அதற்குள் எதிர்க்கரை தலைகீழாகத் தெரிகிறது. நாற்பது படத்தில் முப்பத்தொன்று தேறியது.

பிறகு வேண்டுமென்றே அங்கேயே காத்திருந்தேன். ஒரு பாத்தியின் ஓரத்தில் நட்டிருந்த குச்சியை அதே இடத்திலிருந்து அவ்வப்போது எடுத்தேன். 7 மணிக்குக் குச்சி நேர்கோடு. 8 மணிக்கும் பரவாயில்லை. எட்டரைக்கு விளிம்பு லேசாக நெளிய ஆரம்பித்தது. ஒன்பதேகாலுக்குக் குச்சி பாம்பு மாதிரி ஆகிவிட்டது, அடுத்தடுத்த இரண்டு படத்தில்கூட ஒரே வளைவு இல்லை. லென்ஸும் அதே, எண்ணும் அதே. அண்ணாச்சி எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

திரும்பும் வழியில் தேரூர். இலைக்கோழி இன்றைக்கு வரவில்லை. நீலத் தாழைக்கோழி ஒன்று தாமரைத் தண்டைக் காலால் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. நெற்றித் தகட்டின் சிவப்பில் கீறல்கூடத் தெரிகிறது. பின்னால் இருந்த இலை மங்கல். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் இல்லையென்றால் செவ்வாய்க்கிழமையே திருப்பிக் கொடுத்திருப்பேன்.


முட்டம்பாறை | சனி, பகல் 11.40

சந்தோஷம் தம்பி. திருப்பிக் கொடுக்கச் சொன்னது நான்தான், அது அவசரம். தீப்பெட்டியை வைத்து என் 200-500ஐயும் இன்றைக்குச் சோதித்தேன், பிளஸ் 4 வருகிறது. இரண்டு வருஷமாகத் தெரியாமலே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.


குளச்சல் கல்யாணப்படம் | சனி, பகல் 12.05

கொள்ளாம் தம்பி. ஒன்றை மறக்காதீங்க. நம் கடற்கரையில் அரை மணி நேரம் நின்றாலே முன் கண்ணாடியில் உப்பு படியும், கண்ணுக்கு லேசான பனி மாதிரி இருக்கும், படம் மறுபடி மங்கும். உடனே துணியால் தேய்க்காதீங்க, உப்புத் துகள் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் நனைத்த துணியால் ஒற்றி எடுங்க. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தாலும் கண்ணாடி வேர்க்கும், பைக்குள்ளேயே வைத்து அரை மணி பொறுத்துத் திறங்க. மழைக்காலத்தில் இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்க, இந்த ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்க ஒரு சீசன் போதும்.


திக்கணங்கோடு மாணவன் | சனி, மாலை 5.20

இவ்வளவு நேரம் படித்துவிட்டு என் கேனான் 1500டியில் தேடினேன், ஃபைன் ட்யூன் மாதிரி எதுவும் மெனுவில் இல்லை. என் 55-250 லென்ஸில் ஃபோகஸ் முன்னால் விழுகிறது, தீப்பெட்டியில் பத்தில் ஒன்பது இரண்டாம் பெட்டி. என்ன செய்வது அண்ணே?


மார்த்தாண்டம் பழுதுபார்ப்பு | சனி, இரவு 8.00

தம்பி, கேனானில் அதன் பெயர் மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட், தொடக்க நிலை பாடிகளில் அதை வைக்கவில்லை. 1500டியிலும் கிடையாது. லைவ் வியூவில் பத்துப் படம் எடுத்தீர்களா? அதில் மூன்றாம் பெட்டி தெளிந்தால், லென்ஸையும் பாடியையும் சேர்த்து சர்வீஸ் சென்டருக்குக் கொடுங்கள். லென்ஸை மட்டும் அனுப்பினால் அவர்கள் தங்கள் அளவுக்குச் சரிபார்த்து அப்படியே திருப்பி அனுப்புவார்கள், பிழை உங்கள் பாடியோடு சேரும்போதுதானே வருகிறது. தீப்பெட்டிப் படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கூடவே வையுங்கள். அதுவரை நிற்கும் பறவைக்கு லைவ் வியூவிலேயே எடுங்கள், மெதுவாகப் பிடிக்கும், ஆனால் சரியாகப் பிடிக்கும்.


திக்கணங்கோடு மாணவன் | சனி, இரவு 8.25

லைவ் வியூ இன்னும் எடுக்கவில்லை அண்ணே. நாளைக் காலை எடுத்துவிட்டுச் சொல்கிறேன். தீப்பெட்டிகளைக் கலைக்காமல் பலகையோடு அப்படியே திண்ணையில் வைத்திருக்கிறேன்.